கன்று வேண்டாம், பழம் கொண்டு வாருங்கள்



வருகிற பொங்கல் விழாவில் வீட்டுக்கு ஓர் எலுமிச்சங்கன்று கொடுக்கலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. ஊரிலிருந்து ரயிலிலோ ஆம்னி பஸ்ஸிலோ நூறு கன்றுகளை வரவழைத்து, விழா மேடையிலேயே குழந்தைகள் கையில் கொடுப்பது என்று பேச்சு. உடனே எதிர்ப்பும் கிளம்பியது. "சாகண் குளிரில் எலுமிச்சை பிழைக்காது, அதுவும் தொட்டியில் நிச்சயம் பிழைக்காது, சந்தாப் பணம் வீண்" என்றார்கள் சிலர். இரு தரப்பையும் கேட்டபின் எனக்குத் தோன்றியதை இங்கே எழுதுகிறேன். எலுமிச்சை இங்கே தொட்டியில் நன்றாக வரும். ஆகவே எதிர்ப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கன்றை ஊரிலிருந்து கொண்டுவரக் கூடாது. ஆகவே ஆதரிப்பவர்களும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

நான் விவசாயம் படித்தவன் அல்ல. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன். மகன் இங்கே எம்.ஐ.டி.சி.யில் வேலை பார்ப்பதால், ரயில் நிலையமே இல்லாத சாகணில் ரயில்வேக்காரன் குடியிருக்கிறேன்! எங்கள் பால்கனியில் மூன்று தொட்டிகளில் எலுமிச்சை நிற்கிறது. மண், தண்ணீர், வடிகால், சுமை என்று வாழ்நாளெல்லாம் பார்த்த விஷயங்கள்தான் தொட்டிக்குள்ளும் இருக்கின்றன. அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

குளிர் கொல்லுமா?

முதலில் கணக்குப் பார்ப்போம். சாகண் கடல் மட்டத்துக்கு 600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10, 12 டிகிரிக்கு இறங்கும். சில இரவுகளில் 8-க்கும் கீழே போகும். ஜனவரியிலும் 20 டிகிரியில் தூங்கிப் பழகிய சென்னைக்காரருக்கு இது பெரிய குளிர்தான். ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிடுகின்றன. நமக்கு நடுங்குகிறது என்பதால் செடிக்கும் நடுங்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

செடியின் கணக்கு வேறு. எலுமிச்சை இனத்து மரங்கள் ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே வளர்வதை நிறுத்திக்கொள்கின்றன. சாவதில்லை, ஓய்வெடுக்கின்றன. ரசத்துக்கும் சாதத்துக்கும் நாம் பிழியும் சாதாரண எலுமிச்சை அந்த இனத்தில் குளிருக்கு மிகவும் பயந்தவற்றில் ஒன்று. அதற்குக்கூட உயிராபத்து வருவது, வெப்பநிலை நீர் உறையும் அளவுக்குக் கீழே இறங்கும்போதுதான். புனேவில் இதுவரை பதிவான மிகக் கடுமையான குளிரே 1935 ஜனவரியில் வந்த 1.7 டிகிரி. அதாவது இங்குள்ள குளிருக்கும் எலுமிச்சையின் ஆபத்து எல்லைக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாநில விவசாயி குளிரை எலுமிச்சை இனத்துக்கு எதிரியாகப் பார்ப்பதே இல்லை. மராட்டியில் பழ மரங்கள் பூக்கும் பருவத்தை 'பஹார்' என்பார்கள். ஜூன், ஜூலையில் பூப்பது மிருக பஹார். செப்டம்பர், அக்டோபரில் பூப்பது ஹஸ்த பஹார். ஜனவரி, பிப்ரவரியில் பூப்பது ஆம்பே பஹார். இந்த மூன்றாவது பருவத்துக்குக் காரணமே டிசம்பர் குளிர்தான். குளிரில் மரம் ஓய்கிறது; அந்த நேரத்தில் விவசாயி தண்ணீரையும் நிறுத்தி வைக்கிறார். பிறகு எருவிட்டுத் தண்ணீர் பாய்ச்சியதும் மரம் பூவாகப் பூக்கிறது. நாக்பூர்தான் ஆரஞ்சுக்குப் பெயர் போன ஊர். எலுமிச்சை இன ஆராய்ச்சிக்கு மத்திய அரசு 1985-ல் மையம் தொடங்கியதும் அங்கேதான். நமக்குப் பக்கத்து மாவட்டமான அகில்யாநகரில், முன்னாளில் அகமதுநகர் என்று இருந்ததில், ஸ்ரீகோந்தா, கர்ஜத் தாலுகாக்களில் எலுமிச்சைத் தோட்டங்கள் நிறைய. ஆகவே, "சாகணில் வராது" என்பதற்கு ஆதாரமில்லை.

உண்மையான குளிர் நாட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்?

பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில் 1684 முதல் 1686 வரை ஆரஞ்சு மரங்களுக்கென்றே ஒரு மாளிகை கட்டினார்கள். மரங்கள் எல்லாம் பெரிய மரப்பெட்டிகளில். அக்டோபர் நடுவில் உள்ளே போகும், மே நடுவில் வெளியே வரும். இன்றைக்கும் அதே வழக்கம்தான். அது ராஜா வீட்டுக் கதை, நமக்கு ஒத்துவராது.

நமக்கு ஏற்றது ரஷ்யாவின் பாவ்லோவோ. ஓகா நதிக்கரையில் உள்ள இந்த ஊர் பூட்டும் கத்தியும் செய்யும் கொல்லர்களின் ஊர். இப்போது அங்கே பேருந்து செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. சாகணைப் போலவே வண்டி செய்து பிழைக்கும் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஜனவரியில் மைனஸ் 10 டிகிரி அங்கே சர்வ சாதாரணம். 19-ஆம் நூற்றாண்டில் துருக்கியிலிருந்து வந்த எலுமிச்சையைத் தொழிலாளர் குடும்பங்கள் ஜன்னல் திட்டில் தொட்டி வைத்து வளர்க்கத் தொடங்கின. ஒரு வீட்டில் வெட்டிய குச்சி அடுத்த வீட்டில் வேர்விட்டது. இன்று 'பாவ்லோவோ எலுமிச்சை' என்று ஒரு ரகமே இருக்கிறது. ஊரில் அதற்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள். ஷிப்ட் முடித்து வரும் தொழிலாளி, மைனஸ் குளிரில், ஒரு ஜன்னலை நம்பி வளர்த்தார். நமக்கோ ஒரு முழு பால்கனியும் வருடம் முழுக்க வெயிலும் இருக்கின்றன.

பிறகு ஏன் செடி பட்டுப்போகிறது?

"நீங்கள் சொல்வதெல்லாம் சரி, எங்கள் வீட்டில் வைத்தது ஆறு மாதத்தில் காய்ந்துவிட்டதே" என்று கேட்பீர்கள். நியாயம். நம் குடியிருப்புகளில் பார்த்தவரை காரணங்கள் நான்கு. அவற்றில் குளிர் இல்லை.

முதலாவது, அன்பு. அதாவது தண்ணீர். காலையில் பாட்டி ஊற்றுவார், மதியம் மருமகள் அரிசி கழுவியதை ஊற்றுவார், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி தன் பங்குக்கு ஒரு பாட்டில் ஊற்றுவாள். குளிர்காலத்தில் செடி ஓய்ந்திருக்கும்போது அந்தத் தண்ணீரை அது குடிப்பதில்லை. வேர் மூச்சுவிட இடமின்றி அழுகிவிடுகிறது. இலை வாடுகிறது, வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுகிறோம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இதற்காகவே சொன்னது போலிருக்கிறது. எங்கள் மாடியில் உள்ள மராட்டிக் காகூ எங்கள் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் "பாணி கமி த்யா" என்பார். தண்ணீரைக் குறையுங்கள் என்று அர்த்தம். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் ஊற்றாதீர்கள். காய்ந்திருந்தால் அடித்துளையில் வடியும்வரை நன்றாக ஊற்றுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் இது தினமும் வரலாம்; ஜனவரியில் நாலைந்து நாளைக்கு ஒருமுறை போதும். டிசம்பரில் இலை லேசாகச் சோரும்வரை நிறுத்தி வைத்துப் பிறகு எரு போட்டு ஊற்றினால், உங்கள் பால்கனியிலும் ஆம்பே பஹார் வரும்.

இரண்டாவது, வடிகால். தொட்டியின் அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டு மேலே மண் நிரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஜல்லியோடு வாழ்ந்த ரயில்வேக்காரன் சொல்கிறேன்: வேண்டாம். நுண்மையான மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குத் தண்ணீர் லேசில் இறங்காது. மேலேயுள்ள மண் முழுக்க ஊறி நிறைந்த பிறகுதான் இறங்கும். அதனால் ஜல்லி போட்ட தொட்டியில், வேர் இருக்கும் உயரத்துக்கே ஈரம் ஏறி நிற்கிறது. துளையின் மேல் ஓர் ஓட்டுச்சில்லு அல்லது வலைத்துண்டு போதும். வடிகால் மண்ணிலேயே இருக்க வேண்டும். இங்குள்ள கரிசல் மண்ணைத் தோண்டி நிரப்பாதீர்கள். நனைந்தால் உப்பி இறுகும், காய்ந்தால் வெடிக்கும். நர்சரிகளில் 'லால் மாத்தி' என்று விற்கும் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, பெருமணலும் தென்னை நார்க்கழிவும் சேர்ந்து ஒரு பங்கு என்று கலந்தால் நல்லது.

மூன்றாவது, வெயில். எலுமிச்சைக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். குளிருக்குப் பயந்து செடியை ஹாலுக்குள் வைத்தால் அதைப் பட்டினி போடுகிறீர்கள் என்று பொருள். எந்தப் பக்கத்து பால்கனி என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டிசம்பர் 22 அன்று நண்பகலில் சாகணில் சூரியன் தெற்கே ஏறக்குறைய 48 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஆகவே குளிர்காலத்தில் தெற்கு பால்கனிக்குள் வெயில் நன்றாக நுழையும். வடக்கு பால்கனி முழுக்க நிழல். மே நடுவிலிருந்து ஜூலை கடைசிவரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும். அப்போது நிலைமை தலைகீழ். வடக்கு பால்கனி மட்டும் உள்ளவர்கள், சொசைட்டி அனுமதித்தால், நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை தொட்டியை மொட்டைமாடிக்கு மாற்றிவிடுங்கள். தொட்டியில் வளர்ப்பதன் வசதியே அதுதான்.

நான்காவது, தண்ணீரின் குணம். டாங்கர் தண்ணீரும் போர் தண்ணீரும் பல இடங்களில் கடினத்தன்மை உள்ளவை. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். சில வருடத்தில் மண் காரத்தன்மை அடைந்து, இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காமல் போகும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இதுதான் காரணம். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வடியும் கழிவுநீரைச் சிக்கனம் கருதிச் செடிக்கு ஊற்றுகிறோம். அதில் உப்பு இன்னும் அதிகம். எலுமிச்சைக்கு அதை ஊற்றாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர்வரை மழையில் தொட்டியை நனைய விட்டால் சேர்ந்த உப்பு கழுவிப் போகும். துத்தநாகக் குறைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் துத்தநாக சல்பேட்டும் 2.5 கிராம் நீர்த்த சுண்ணாம்பும் கரைத்து இலைமேல் தெளிக்கலாம்.

சுமை பற்றியும் ஒரு வார்த்தை. 18 அங்குல அகலமும் உயரமும் உள்ள தொட்டியில் சுமார் 70 லிட்டர் மண் பிடிக்கும். நனைந்தால் 120 கிலோவை நெருங்கும். குடியிருப்பு பால்கனிக்கு நம் நாட்டுக் கட்டுமான விதிநூல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ சுமை கணக்கிடுகிறது. அதில் மனிதர்களும் நிற்க வேண்டும் அல்லவா? 14 அங்குலத் தொட்டியே ஓர் எலுமிச்சைக்குப் பல வருடம் போதும். அது நனைந்தாலும் 60 கிலோவுக்குள் அடங்கும். சுவரை ஒட்டி வையுங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் எந்தத் தொட்டியையும் வைக்காதீர்கள். கீழே நடப்பது யார் வீட்டுக் குழந்தையோ! தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் கீழ்வீட்டாரோடு சண்டை வராது. ஆனால் தட்டில் தண்ணீரைத் தேங்க விடாதீர்கள், டெங்கு கொசு குடிவரும்.

ஊர்க் கன்று ஏன் வேண்டாம்?

இனி முக்கியமான விஷயம். எலுமிச்சைக்கும் கறிவேப்பிலைக்கும் என்ன உறவு என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. தாவரவியலில் இரண்டும் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துக்கு ஒரு பொது விரோதி உண்டு. மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளமே உள்ள சிறு பூச்சி. வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும். கறிவேப்பிலைத் துளிரிலும் எலுமிச்சைத் துளிரிலும் சாறு குடித்து வாழும். சாறு குடிப்பதால் மட்டும் பெரிய நஷ்டமில்லை. 'கிரீனிங்' என்னும் நோயை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு எடுத்துப் போவது இந்தப் பூச்சிதான். நோய் பிடித்த மரத்தின் இலைகளில் ஒழுங்கில்லாத மஞ்சள் திட்டுகள் வரும், காய் கோணலாகிச் சிறுத்து, பழுத்தும் பச்சையாகவே நிற்கும், சில வருடத்தில் மரம் பட்டுப்போகும். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. நோய் உள்ளே புகுந்தபின் மாதக்கணக்கில், சிலசமயம் அதற்கும் மேலாக, வெளியே அடையாளமே தெரியாது. பார்வைக்குப் பச்சைப்பசேலென்று இருக்கும் கன்றே நோயைச் சுமந்து வரலாம்.

இதன் விளைவைக் காட்ட அமெரிக்காவின் புளோரிடா ஒன்றே போதும். 2003–04 பருவத்தில் அங்கே 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. 2005-ல் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 2022–23-ல் விளைச்சல் 2 கோடிப் பெட்டிக்கும் கீழே போய்விட்டது. புயல்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் முதுகெலும்பை முறித்தது இந்த நோய்தான். வெளிநாட்டு விமான நிலையங்களில் நம் தாய்மார்களின் பையிலிருந்து கறிவேப்பிலையை எடுத்துக் குப்பையில் போடுகிறார்களே, "ஒரு கொத்து கறிவேப்பிலைக்கு இவ்வளவு கெடுபிடியா" என்று திட்டுகிறோமே, அதன் காரணம் இதுதான்.

தொட்டிச் செடியே இப்படி நோயைக் கடத்திய கதையும் உண்டு. பிராங்க் மேயர் என்பவர் அமெரிக்க விவசாயத் துறைக்காக ஊர் ஊராகச் செடி தேடியவர். பெய்ஜிங் பக்கம் வீடுகளில் தொட்டியில் அழகுக்காக வளர்த்த ஓர் எலுமிச்சையை 1908-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். 'மேயர் எலுமிச்சை' என்று வீட்டுக்கு வீடு பரவியது. பார்க்க நோயற்ற செடி. ஆனால் பெரும்பாலான செடிகள் 'டிரிஸ்டீசா' என்னும் வைரஸை அடையாளம் காட்டாமல் சுமந்துகொண்டிருந்தது 1940-களில் தெரியவந்தது. அந்த வார்த்தைக்குச் சோகம் என்று பொருள்; அண்டைத் தோட்டங்களுக்கு அது சோகத்தைத்தான் கொடுக்கும். பழைய செடிகளை அழித்து, வைரஸ் இல்லாத புதிய மேயர் 1975-ல் வெளிவந்தது.

"இந்த நோய்களெல்லாம் மகாராஷ்டிரத்தில் ஏற்கெனவே இருக்கின்றனவே, நாம் கொண்டுவந்தால் என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஏற்கெனவே கொசு இருக்கிற ஊர்தானே என்று நாமும் ஒரு குடம் கொசுப்புழு கொண்டுவரலாமா? எந்த நர்சரி, எந்தத் தாய்மரம் என்று தெரியாத நூறு கன்றுகளை, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவந்து, நூறு பால்கனிகளில் பரப்புவது சின்ன விஷயமல்ல. சாகணைச் சுற்றி இன்னும் வயலும் தோட்டமும் இருக்கின்றன. நம் பிழைப்புக்கு இடம் கொடுத்த மண் இது. இங்குள்ள விவசாயியின் தோட்டத்துக்கு நம் பாசத்தால் ஒரு கெடுதல் வரக் கூடாது. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், யாரும் நம்மைக் கேட்கப் போவதில்லை என்பது உண்மைதான். கேட்க ஆளில்லாத இடத்தில் சரியாக நடந்துகொள்வதுதான் வந்த ஊரில் நமக்குக் கௌரவம்.

கறிவேப்பிலைக் கன்றுக்கும் இதே நியாயம்தான். ஊரிலிருந்து பிடுங்கி ஈரத்துணியில் சுற்றி எடுத்து வராதீர்கள். இங்கே அதைக் 'கடிபத்தா' என்று எல்லா நர்சரியிலும் விற்கிறார்கள்.

விதையில் வரும் தாய்மரம்

"அப்படியானால் எங்கள் வீட்டுக் கிணற்றடி எலுமிச்சையை நான் மறந்துவிட வேண்டியதுதானா?" என்று ஒரு தாயார் கேட்டார்கள். அவர்களுக்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. சாதாரண எலுமிச்சையின் ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் வரும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையில் பிறந்தவை அல்ல. தாய்மரத்தின் திசுவிலிருந்தே உருவானவை. ஆகவே அவை தாய்மரத்தின் அச்சு. இந்தக் கிரீனிங் நோயும் டிரிஸ்டீசாவும் விதை வழியாகப் பரவுவதில்லை. அதாவது கிணற்றடி மரத்தின் ஒரு பழத்தை எடுத்து வந்தாலே, அந்த மரத்தையே நோய் நொடி இல்லாமல் கொண்டுவந்த மாதிரி. பம்பளிமாசுக்கு இந்தக் குணம் இல்லை, அதன் விதை தாயைப் போல வராது, எலுமிச்சைக்கு உண்டு.

செய்முறை எளிது. நன்கு பழுத்த பழமாக, காம்பும் இலையும் இல்லாமல் கழுவி எடுத்து வாருங்கள். எலுமிச்சை விதை காய்ந்தால் உயிர் போய்விடும். கீரை விதை போலத் தாளில் மடித்து வைக்காதீர்கள். பழத்தை முழுசாகவே வைத்திருந்து, பிப்ரவரி நடுவில் இரவுக் குளிர் தணிந்ததும் விதையை எடுத்துக் கழுவி, அன்றைக்கே அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். மூன்று நான்கு வாரத்தில் முளைக்கும். இரட்டையாக முளைத்தால் திடமான முளையை வைத்துக்கொண்டு நோஞ்சானை நீக்கிவிடுங்கள்.

விதைச் செடி காய்க்க ஐந்தாறு வருடமோ அதற்கு மேலோ ஆகும் என்பதை ஒளிக்கவில்லை. சீக்கிரம் காய் வேண்டுமென்றால் இங்குள்ள நல்ல நர்சரியில் பதியன் போட்ட கன்று வாங்குங்கள். இரண்டு மூன்று வருடத்தில் காய்க்கும். புனேயில் கணேஷ்கிண்ட் பழ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சோலாப்பூர் சாலையில் உருளி காஞ்சன் பக்கம் நர்சரிகள் வரிசையாக இருக்கின்றன. ராகுரி வேளாண் பல்கலைக்கழகம் தந்த சாய் சர்பதி, புலே சர்பதி, பர்பணி பல்கலைக்கழகம் தந்த விக்ரம், பிரமாலினி ஆகியவை இந்த மாநிலத்துக்குப் பழகிய ரகங்கள். நம் பெரியகுளத்தின் பி.கே.எம்.-1 ரகம் புகழ் பெற்றதுதான். ஆனால் இங்கே நல்லது கிடைக்கும்போது அங்கிருந்து இழுத்து வருவானேன்?

கன்றை வாங்கியதும் இரண்டு வாரம் மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வைத்துத் துளிர்களைப் பாருங்கள். பறவை எச்சம் போலத் தோன்றும் சிறு புழு இலையைத் தின்றால் பயப்படாதீர்கள். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. கையால் எடுத்துவிடலாம். ஒன்றிரண்டை விட்டுவைத்தால் குழந்தைகள் வண்ணத்துப்பூச்சி பிறப்பதைப் பார்ப்பார்கள்.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு

நம்மில் பலருடைய பிள்ளைகள் டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். "அப்பா, இங்கே எலுமிச்சை வளருமா?" என்று போனில் கேட்கிறார்கள். வளரும், தொட்டியில். எதையும் இங்கிருந்து எடுத்துப் போக வேண்டாம். புதிய மேயர் எலுமிச்சையை அங்கேயே வாங்கச் சொல்லுங்கள். கோடையில் வெளியே, உறைபனி வருமுன் உள்ளே, தெற்கு ஜன்னலோரம். டிசம்பரில் டொராண்டோவின் நண்பகல் சூரியன் 23 டிகிரி உயரம்தான் ஏறும். ஆகவே அங்கும் தட்டுப்பாடு வெளிச்சத்துக்கே. தேவைப்பட்டால் விளக்கு போடலாம். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், தண்ணீர் குறைவாகப் போதும்.

என் யோசனைகள்

அடுத்த செயற்குழுவின் பரிசீலனைக்கு மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று: பொங்கல் விழாவில் கன்று கொடுப்பதற்குப் பதிலாக, ஊரிலிருந்து வந்த எலுமிச்சம்பழம் வீட்டுக்கு ஒன்று கொடுப்போம். நம் விழா வழக்கம்போல் ஜனவரி கடைசி ஞாயிறுதானே? பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் ஆளுக்குப் பத்துப் பழம் கொண்டுவந்தால் போதும். எந்த ஊர், யார் வீட்டு மரம் என்று சீட்டில் எழுதிக் கொடுப்போம். பழத்தைக் குழந்தைகள் வீட்டுக்கு எடுத்துப் போய், சாறு சாதத்துக்கு, விதை தொட்டிக்கு என்று பிரிக்கட்டும்.

இரண்டு: காய்க்கும் கன்று வேண்டுவோருக்கு, ஜூனில் மழை தொடங்கியதும் இங்குள்ள நர்சரியில் மொத்தமாக வாங்கித் தருவோம். ஜனவரியில் ஓய்ந்திருக்கும் செடியைத் தொட்டி மாற்றுவதைவிட, வேர் ஓடும் மழைக்காலத்தில் வைப்பது நல்லது.

மூன்று: பக்கத்து வீட்டு மராட்டியக் குடும்பங்களுக்கும் ஒரு கன்று கொடுப்போம். சனிக்கிழமை தோறும் வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டுகிறவர்கள் அவர்கள். அம்மனுக்கு எலுமிச்சை மாலை போட்டு, புது வண்டிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைக்கிறவர்கள் நாம். 2022 ஏப்ரலில் ஒரு எலுமிச்சை பத்து ரூபாய்க்கு விற்றபோது இரு வீட்டாரும் சேர்ந்துதானே புலம்பினோம்?

காண்டிராக்ட் வேலையில் இருக்கும் இளைஞர்கள், "இன்னும் எத்தனை நாள் இங்கே இருப்போமோ, எங்களுக்கு எதற்குச் செடி?" என்று கேட்கிறார்கள். தரையில் வைத்தால் விட்டுவிட்டுப் போக வேண்டும், தொட்டியில் வைத்தால் கூடவே போகலாம் என்று நான் சொல்ல மாட்டேன். இவ்வளவு நேரம் எழுதியதற்கு அது முரண். ஊர் மாறும்போது தொட்டியைப் பக்கத்து அறைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். புதிய ஊரில் பழத்திலிருந்து இன்னொரு விதை போடுங்கள். பாவ்லோவோவில் ஒரு ஜன்னலிலிருந்து மறு ஜன்னலுக்கு அப்படிக் கைமாறியே ஊர் முழுக்க எலுமிச்சை ஆனது.

மண் கலப்பதிலும் இடம் பார்ப்பதிலும் உதவி வேண்டுவோர் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்க்கத் தயார். ஒரு டம்ளர் காபி போதும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழில் அவசியம் எழுதுங்கள். அதற்குமுன், பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் வீட்டில் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "அம்மா, திரும்பும்போது பையில் பத்து எலுமிச்சம்பழம் போடு. கன்று வேண்டாம்."